பேர் வைக்காதீர்கள்: காட்டுக்குட்டி கைக்கு வந்தால் செய்ய வேண்டியது

எங்கள் தாத்தா வேட்டைக்காரர். நாட்டுத் துப்பாக்கி ஒன்று, கண்ணி மூட்டை ஒன்று, நாய் இரண்டு, அவ்வளவுதான் அவர் சொத்து. மூலைக்கரைப்பட்டியிலிருந்து கொஞ்சம் தள்ளி, உடைமரம் மண்டிய உடங்காடும் குளத்துக்கரையுமாக இருந்த ஊர். நான் பிள்ளையாக இருந்தபோது எங்கள் வீட்டில் இறவாரத்தில் தொங்கும் கூண்டில் கவுதாரி இருக்கும். தொழுவத்து மூலையில் கவிழ்த்த கூடைக்குள் முயல்குட்டி இருக்கும். ஆச்சியின் மடியில் ஒரு கீரி சுருண்டு கிடக்கும். விடியற்காலம் எந்த முயலைச் சுட்டுக் கொண்டுவந்தாரோ, அதே சாதி முயலுக்குச் சாயங்காலம் அறுகம்புல் பறித்து வந்து ஊட்டுவார். அது முரண் என்று அப்போது எனக்குத் தோன்றியதில்லை. அவருக்குக் கடைசி வரை தோன்றவில்லை.

பிறகு நான் அரசு கால்நடை மருந்தகத்தில் உதவியாளராகச் சேர்ந்து 31 வருஷம் வேலை பார்த்தேன். எங்கள் பக்கம் அதை மாட்டாஸ்பத்திரி என்பார்கள். மாடு, ஆடு, கோழிக்கென்று வைத்த இடம்தான். ஆனால் பிசான நெல் அறுப்பு தொடங்கிவிட்டால் கூடையில், துண்டில், சாப்பாட்டுத் தூக்கில் என்று காட்டுக்குட்டிகள் வந்துகொண்டே இருக்கும். "அண்ணாச்சி, தாயக் காணும். நாமதான காப்பாத்தணும்" என்பார்கள். பாதிக்கு மேல் தாய் இருக்கும் குட்டிகள். தாயிடமிருந்து நாமே பிரித்து எடுத்து வந்தவை.

இதைப் பற்றி எழுதச் சொல்லி வீட்டில் ரொம்ப நாளாகச் சொல்கிறார்கள். யோசித்துப் பார்த்தால், நான் கற்றதில் பாதி தாத்தாவிடம் கற்றதுதான். காட்டு ஜீவனைப் பழக்குவது எப்படி என்று அவருக்கு அத்துப்படி. அவர் செய்ததை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேர் எதிராகச் செய்தால், அதுதான் ஒரு குட்டியைக் கெடுக்காமல் காப்பாற்றும் வழி.

தாத்தா பழக்கிய விதம்

முதல் விதி, சின்னதாக எடுக்க வேண்டும். கண் திறக்காத கீரிக்குட்டி கிடைத்தால் அவருக்குத் திருவிழா. எடுத்ததும் தன் பழைய துண்டை அதன் கூடைக்குள் போடுவார், தன் வியர்வை வாடை அதற்குப் பழகட்டும் என்று. இரண்டாவது, பசிக்கவிட்டு அப்புறம் தன் கையால் மட்டும் தீனி கொடுப்பார். வீட்டில் வேறு யாரும் கொடுக்கக் கூடாது. மூன்றாவது, பேர் வைப்பார். தீனி கொடுக்கும்போதெல்லாம் அந்தப் பேரைச் சொல்லுவார். நாலாவது, நாய்களோடு பழக்குவார். நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு, கீரியை அதன் முகத்துக்கு நேரே நீட்டி, "இது நம்ம வீட்டுப் பிள்ளைலே" என்று நாயிடம் சொல்லுவார். நாலைந்து நாளில் இரண்டும் ஒரே சாக்கில் படுத்துக் கிடக்கும்.

கவுதாரி விஷயம் தனி. அது பிரியத்துக்கு மட்டும் வளர்த்ததல்ல, தொழில் கருவி. உழும்போது புதரடியில் கிடைக்கும் முட்டைகளை எடுத்து வந்து அடைகாக்கும் கோழிக்கு அடியில் வைப்பார். குஞ்சு பொரித்ததும் கரையான்தான் தீனி. அதற்கு ஒரு பழைய பானையில் சாணமும் வைக்கோலும் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் புற்றுப் பக்கம் கவிழ்த்து வைப்பார். மறுநாள் எடுத்தால் பானை நிறையக் கரையான். (கோழிக்குஞ்சு வளர்க்கிறவர்கள் இன்றும் இதைச் செய்யலாம். தீவனச் செலவு குறையும்.) சேவல் கவுதாரி வளர்ந்ததும் அதைக் கூண்டோடு துணி போட்டு மூடி, இருட்டு விலகும் முன் காட்டுக்குக் கொண்டுபோவார். கூண்டைப் புதருக்கு நடுவில் வைத்து, சுற்றிக் கண்ணி கட்டி, துணியை விலக்கிவிட்டு ஒளிந்துகொள்வார். இது கத்தும். தன் எல்லைக்குள் எவனோ வந்து கத்துகிறான் என்று காட்டுச் சேவல் சண்டைக்கு ஓடி வரும். கால் கண்ணியில் மாட்டும்.

ஏழு வயதில் ஒரே ஒரு தடவை கூடப் போயிருக்கிறேன். கண்ணியில் மாட்டியது சிறகடித்துக்கொண்டு கிடக்க, கூண்டுக்குள் இருந்த எங்கள் வீட்டுக் கவுதாரி நிறுத்தாமல் கத்திக்கொண்டே இருந்தது. தாத்தா அதற்குக் கரையான் எடுத்துப் போட்டார். கொத்தித் தின்றுவிட்டு மறுபடி கத்தியது.

கீரியின் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரை முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. அதற்கு ராசா என்று பேர். ஒரு வருஷம் வீட்டில் பிள்ளை மாதிரி இருந்தது. பருவம் வந்ததும் ஒரு நாள் அடுத்த வீட்டுப் பிள்ளையின் விரலைக் கடித்துக் கிழித்துவிட்டது. தாத்தா அதைச் சாக்கில் கட்டி, நாலு மைல் தள்ளி, பொத்தை என்று நாங்கள் சொல்லும் சின்னக் குன்று ஒன்றின் அடியில் விட்டுவிட்டு வந்தார். மூன்றாம் நாள் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தது, ஆனால் வீடு வரை வரவில்லை. தெருமுனையில் ஐந்தாறு தெருநாய்கள் படுத்திருந்தன. காட்டுக் கீரியாக இருந்தால் வாறுகால் சாக்கடைக்குள் பாய்ந்திருக்கும். இது நேரே நாய்களிடம் போனது. நாய் என்றால் சாக்கில் கூடப் படுக்கிற ஜீவன் என்றுதானே அதற்குத் தெரியும்?

நல்ல தீனி போட்டோம், மடியில் வைத்தோம், அடித்ததே கிடையாது. அதற்கு இருந்த பயத்தை மட்டும் எடுத்துவிட்டோம்.

தொடும் முன்

குட்டி தனியாகக் கிடக்கிறது என்றால் அநாதை என்று அர்த்தமில்லை. இந்த ஒன்று மனதில் ஏறிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முயலை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்துக் காட்டுமுயல் வளை தோண்டாது. குட்டி பிறக்கும்போதே கண் திறந்து, உடம்பு முழுக்க ரோமத்தோடு பிறக்கும். தாய் அதைப் புல்லுக்குள் சின்னப் பள்ளத்தில் விட்டுவிட்டுப் பகல் முழுக்க எட்டத்தில் இருக்கும். கூடவே இருந்தால் நரிக்கும் நாய்க்கும் மோப்பம் காட்டிக் கொடுத்ததாகும் அல்லவா? பொழுது சாய்ந்தபின் வந்து பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். ஒரு நாளைக்கு அந்த ஒரு வேளை, இரண்டு வேளைதான். ஆகவே பகல் 11 மணிக்கு அசையாமல் தனியாகக் கிடக்கும் முயல்குட்டி பசியில் சாகவில்லை, தாய் சொன்னபடி நடந்துகொண்டிருக்கிறது.

அறுப்பு மெஷின் வருகிற வயலில் அப்படியே விட முடியாதுதான். அப்போது கையில் கொஞ்சம் வைக்கோலைப் பிடித்துக்கொண்டு, குட்டியை வைக்கோலோடு சேர்த்து எடுத்து, அதே வயலின் வரப்போரம் புல் மண்டிய இடத்தில் வையுங்கள். பக்கத்து ஊர்க் காட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். தாய் தேடி வருவது அந்த வயலுக்குத்தான். அன்று ராத்திரி தெரு நாயைக் கட்டிப்போட முடிந்தால் கட்டிப்போடுங்கள். உட்கார்ந்து காவல் காக்காதீர்கள், நீங்கள் இருக்கும் வரை தாய் வராது.

"மனுசன் தொட்டா தாய் சேக்காது" என்று ஒரு பேச்சு உண்டு. அதை நம்பித்தான் நிறையப் பேர், தொட்டாகிவிட்டது, இனி நாமே வளர்ப்போம் என்று வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். பறவைகள் விஷயத்தில் அந்தப் பேச்சு சுத்தமாகப் பொய். பாலூட்டிகளிலும் ஒரு தடவை தொட்டதற்காகப் பிள்ளையை விட்டுப் போகிற தாய் அபூர்வம். தேவைக்கு மேல் தடவிக்கொண்டிருக்காதீர்கள், அவ்வளவுதான்.

அணில்பிள்ளை கூட்டோடு விழுந்தால், ஒரு சின்னப் பெட்டியில் துணி போட்டு, மூடாமல், அதே மரத்தடியில் பூனை எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். தாய் வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கிப்போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பகலில்தான் நடக்கும். இருட்டிய பிறகு அணில் வராது.

பறவைக்குஞ்சில் இரண்டு வகை. இறகு முளைத்து, வால் குட்டையாக, தரையில் தத்திக்கொண்டிருந்தால் அது பறக்கப் படிக்கிற குஞ்சு. அதைப் பக்கத்துக் கிளையில் ஏற்றிவிடுங்கள், தாயும் தகப்பனும் மேலேதான் கத்திக்கொண்டிருக்கும். இறகே இல்லாத வெற்றுக்குஞ்சு என்றால் கூட்டில் திருப்பி வைக்க வேண்டும். கூடு பிய்ந்து போயிருந்தால் எங்கள் ஊரில் சுலபமான வழி உண்டு. கருப்பட்டி வாங்கும் சின்ன ஓலைப்பெட்டி ஒன்றை எடுத்து, அடியில் தண்ணீர் வடிய நாலு ஓட்டை போட்டு, காய்ந்த புல் வைத்து, பழைய கூடு இருந்த கிளையிலேயே கட்டிவிடுங்கள். மைனாவும் தவிட்டுக்குருவியும் அதை ஏற்றுக்கொண்டு இரை ஊட்டியிருக்கின்றன.

ஆந்தைக்குஞ்சை யாரும் எடுத்து வளர்ப்பதில்லை, வீட்டுக்கு ஆகாது என்ற பயத்தில். அந்த விஷயத்தில் மூடநம்பிக்கை நல்லது செய்தது என்று நினைப்பேன். ஆனால் கல்லால் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மொட்டைப்பனைப் பொந்திலிருந்து விழுந்த புள்ளி ஆந்தைக்குஞ்சை உயரமான இடத்தில் ஏற்றிவிட்டால் போதும், ராத்திரி தாய் வந்து இரை கொடுக்கும்.

மயில் முட்டை வயலில் கண்டால் தொடவே தொடாதீர்கள். கோழிக்கு வைத்துப் பொரிக்கிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. கோழியிடமிருந்து மயில்குஞ்சுக்கு நோய் தொற்றும். அது போக, முட்டையை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும் சட்டத்தின் கண்ணில் வேட்டைதான், துப்பாக்கி தூக்கினால்தான் வேட்டை என்றில்லை.

எடுத்தே ஆக வேண்டிய நேரம்

ரத்தம் வருகிறது, எலும்பு முறிந்திருக்கிறது, உடம்பு சில்லென்று இருக்கிறது, ஈ மொய்த்து முட்டை வைத்திருக்கிறது, பக்கத்திலேயே தாய் செத்துக் கிடக்கிறது, நாய் அல்லது பூனையின் வாயிலிருந்து பிடுங்கியது. இப்படி ஏதாவது இருந்தால் எடுங்கள். பூனை கவ்வியது என்றால் மேலே காயம் தெரியாவிட்டாலும் எடுங்கள். பூனையின் எச்சிலில் இருக்கும் கிருமி சின்னப் பறவையை இரண்டே நாளில் கொன்றுவிடும், அதற்கு டாக்டர் மருந்து கொடுத்தே ஆக வேண்டும்.

எடுக்கக் கூடாதவையும் உண்டு. குரங்குக்குட்டியை எடுத்தால் கூட்டமே உங்கள் மேல் விழும். அழுங்கு தெருவில் பந்தாகச் சுருண்டு கிடந்தால் சுற்றி நாய் வராமல் பார்த்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். எறும்பும் கரையானும் தவிர எதுவும் தின்னாத ஜீவன் அது, வீட்டில் பிழைக்காது. பாம்புக்கு 101 என்ற எண்ணில் தீயணைப்புக்காரர்களைக் கூப்பிடுங்கள், வருவார்கள்.

எடுத்த பிறகு செய்ய வேண்டியதில் மூன்று வார்த்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: சூடு, இருட்டு, சத்தமின்மை. தீனி இந்தப் பட்டியலில் இல்லை, கவனித்தீர்களா? நம் ஆட்கள் முதலில் செய்வது பால் ஊற்றுவதுதான்.

அட்டைப்பெட்டி ஒன்று எடுங்கள். செருப்புப் பெட்டியும் போதும். மூடியில் பென்சிலால் பத்துப் பன்னிரண்டு ஓட்டை. அடியில் பழைய பருத்தித் துணி. நூல் பிரியும் துண்டு வேண்டாம், குட்டியின் விரலில் நூல் சுற்றி ரத்தம் கட்டிவிடும். ஒரு பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, துணி சுற்றி, பெட்டிக்குள் ஒரு ஓரமாக மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள மறுபக்கம் இடம் இருக்க வேண்டும். உங்கள் உள்ளங்கைக்கு இதமாக இருந்தால் அதற்கும் இதம். முன்பெல்லாம் குண்டு பல்பைத் தொங்கவிடுவோம். இப்போது எல்லா வீட்டிலும் எல்.ஈ.டி. வந்துவிட்டது. வெளிச்சம் கொடுக்கும், சூடு கொடுக்காது. அதை எரியவிட்டு ராத்திரி முழுக்கக் குஞ்சைக் குளிரில் போட்ட கதை ஒன்று என் கையிலேயே நடந்திருக்கிறது. விடிந்ததும் பெட்டியைத் திறந்தவன் நான்தான்.

சில்லென்று இருக்கும் குட்டிக்கு எதையும் புகட்டாதீர்கள், அதன் குடல் வேலை செய்யாது. சூடு ஏறி, அசைந்து, தலை தூக்கிய பிறகு, பால் குடிக்கிற குட்டி என்றால் (பறவைக்குஞ்சுக்கு இல்லை), மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் போட்டிருக்கும் அளவு கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து, இளஞ்சூட்டில், ஊசி இல்லாத சிரிஞ்சால் உதட்டோரம் சொட்டுச் சொட்டாக. குட்டி குப்புற இருக்க வேண்டும், தாயின் மடியில் பால் குடிக்கிற மாதிரி. நம் பிள்ளையை மல்லாத்திப் பாலாடையில் புகட்டுவது போலப் புகட்டினால் நேரே நுரையீரலுக்குப் போகும். மாட்டாஸ்பத்திரிக்கு வந்த அணில்பிள்ளைகளில் மூக்கில் பால் நுரைத்து வந்தவைதான் அதிகம்.

பசும்பால் வேண்டாம். எருமைப்பால் வேண்டாம். "ஆட்டுப்பால் ஆகும்லா அண்ணாச்சி?" என்று கேட்பார்கள், அதுவும் வேண்டாம். வயிற்றுப்போக்கு கண்டால் உள்ளங்கையளவு குட்டி ஒரே ராத்திரியில் வற்றிப்போகும். என்ன பால், எத்தனை மில்லி என்பதை டாக்டர் சொல்லட்டும். ஒரு ராத்திரி தாண்ட வேண்டும் என்றால் அந்த ஓ.ஆர்.எஸ். தண்ணீர் தாண்டவைக்கும்.

பறவைக்குஞ்சின் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. அதன் மூச்சுக்குழல் நாக்கு முடிகிற இடத்துக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. வாயைத் தானாகத் திறந்து கேட்கும் மைனாக்குஞ்சு மாதிரியானவற்றுக்கு, அவித்த முட்டையைத் துவரம்பருப்பளவு துண்டாக்கி, ஈரமாக, ஒன்றிரண்டு கொடுக்கலாம். பிரெட்டும் பாலும் வேண்டாம். வாய் திறக்காததைப் பிளந்து திணிக்காதீர்கள்.

கண் திறக்காத குட்டிகள் தாமாக மூத்திரம் போகாது என்பது பலருக்குத் தெரியாது. தாய் நக்கிவிட்டால்தான் போகும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லத் துடைத்துவிட வேண்டும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது டாக்டர் இல்லை, ஆச்சி. கீரிக்குட்டிக்கு அவள் சேலை முந்தானையை நனைத்துச் செய்வாள்.

இப்போது தலைகீழ்ப் பாடம். பெட்டியை வீட்டின் அமைதியான அறையில், டிவி சத்தம் கேட்காத இடத்தில் வையுங்கள். ஒரே ஆள் மட்டும் திறக்க வேண்டும், அவரும் பேசக் கூடாது. உங்கள் சட்டையை உள்ளே போடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டாதீர்கள். வளர்ப்பு நாய்க்கு அறிமுகம் செய்துவைக்கிற வேலை வேண்டவே வேண்டாம், நாயின் வாடையைக் கண்டு அது நடுங்கினால் நடுங்கட்டும். கன்னத்தில் வைத்துப் போட்டோ எடுக்காதீர்கள். உங்களைக் கண்டு சீறினால் கோபப்படாதீர்கள், சந்தோஷப்படுங்கள்.

பேர் வைக்காதீர்கள். சொல்லச் சின்ன விஷயம்தான். ஆனால் பேர் வைத்த குட்டியைத் திருப்பிக் கொடுத்த வீட்டை என் 31 வருஷத்தில் கைவிரலில் எண்ணிவிடலாம். என் மகள் சின்ன வயதில் ஒரு அணில்பிள்ளைக்கு ராத்திரியோடு ராத்திரியாக மணி என்று பேர் வைத்துவிட்டாள். மறுநாள் காலை அதை மரத்தடிக்குக் கொண்டுபோக நான் பட்ட பாடு!

கடித்தால்

காட்டு ஜீவன் கடிக்கும், பிறாண்டும். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள், கடிகாரத்தைப் பார்த்து. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் அப்பாதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய், என்ன கடித்தது என்று சொல்லி ஊசி போட்டுக்கொள்ளுங்கள், முதல் ஊசியோடு நிறுத்தாமல் அவர்கள் சொன்ன நாட்களுக்கெல்லாம் போங்கள். கீரி, நரி, குரங்கு எதுவானாலும் வெறிநோயைக் கடத்தும். குட்டிதானே என்று விடாதீர்கள். ராசா கடித்த அந்தப் பிள்ளைக்கு எதுவும் ஆகவில்லை, அது எங்கள் நல்ல காலம்.

48 மணி நேரம்

காட்டு விலங்கு உங்கள் கைக்கு வந்தால் அது அரசின் சொத்து. 1972-ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. 48 மணி நேரத்துக்குள் அருகில் உள்ள காவல் நிலையத்திலோ, அதற்கான வனத்துறை அலுவலரிடமோ தெரிவித்துவிட வேண்டும். நடைமுறையில் ரேஞ்சர் ஆபீசுக்குப் போன் போடுவதே நல்லது. உங்கள் பகுதி வனக்காப்பாளரின் எண்ணை இப்போதே கேட்டுப் போனில் பதிந்துவைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி 9 மணிக்குக் கையில் மரநாய்க்குட்டியை வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பீர்கள்? காயம் பெரிதாக இருந்தால் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எங்கே கிடைத்தது, எந்த நாள், எத்தனை மணி, என்ன கொடுத்தோம். "காட்டுல கிடந்துச்சு" என்று எழுதாதீர்கள். எந்தக் குளத்துக் கரை, எந்தப் பொத்தையின் எந்தப் பக்கம், எந்த வயல் என்று எழுதுங்கள். பிழைத்த பிறகு அதை அங்கேதான் விட வேண்டும். ஒருமுறை ஓர் அலுவலகத்தில் என்னைச் சாயங்காலம் வரை உட்காரவைத்து, கடைசியில் நாளைக்கு வாங்க என்று அனுப்பினார்கள். அதிலிருந்து நான் எழுத்தில் கொடுத்து, வாங்கியவரின் கையெழுத்தும் நேரமும் நகலில் வாங்காமல் திரும்புவதில்லை. பிறகு யாராவது, வீட்டில் வைத்திருந்தீர்களாமே என்று கேட்டால் காட்ட ஒரு தாள் வேண்டாமா?

தண்டனையையும் சொல்லிவிடுகிறேன், மிரட்டுவதற்காக அல்ல. 2022-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு, பொதுவான குற்றத்துக்கு 3 வருஷம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். மயில், அழுங்கு மாதிரி முதல் அட்டவணையில் இருப்பவை என்றால் குறைந்தது 3 வருஷம், 7 வருஷம் வரை போகலாம், அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. பாசத்தில்தான் வளர்த்தோம் என்பது அங்கே செல்லாது.

கூந்தன்குளத்தில் பால்பாண்டி செய்யவில்லையா என்று கேட்பார்கள். செய்தார். மரத்திலிருந்து விழுந்த நாரைக்குஞ்சுகளையும் கூழைக்கடாக் குஞ்சுகளையும் எடுத்து மீன் போட்டு வளர்த்து அனுப்பினார். ஆனால் 1994-ல் சரணாலயமாக அறிவித்த ஊர் அது. தெருவுக்குத் தெரு மரத்தில் கூடு கட்டி, குஞ்சின் கண் முன்னால் ஆயிரக்கணக்கில் அதன் சாதியே பறந்துகொண்டிருக்கும். வாழ்க்கையையே அதற்குக் கொடுத்த ஒரு மனிதர் அவர். என் வீட்டு மாடியிலும் உங்கள் வீட்டு மாடியிலும் அந்தக் கூட்டம் கிடையாது.

ஏற்கெனவே வீட்டில் இருந்தால்

இதுதான் சங்கடமான கேள்வி. வரும் மெயில், காதோடு கேட்கும் கேள்வி எல்லாம் பச்சைக்கிளியைப் பற்றித்தான். தை, மாசியில் மொட்டைப்பனைப் பொந்திலிருந்து எடுத்த குஞ்சு, எட்டு வருஷமாகக் கூண்டில் இருக்கிறது, "அக்கா வந்தாச்சா" என்று கேட்கிறது, இப்போது என்ன செய்ய? லவ் பேர்ட்ஸ் மாதிரி வெளிநாட்டுப் பறவை வேறு கதை. நம் பச்சைக்கிளி சட்டம் பாதுகாக்கிற பறவை, கூண்டில் வைக்கக் கூடாது.

பயந்துபோய் ராத்திரியோடு ராத்திரியாகக் கூண்டைத் திறந்து விட்டுவிடாதீர்கள். சிறகு வெட்டியிருந்தால் இறகு உதிர்ந்து புதிதாக முளைக்கும் வரை அதால் பறக்க முடியாது. முளைத்தாலும் எட்டு வருஷம் அசையாத தசைக்குப் பலம் இருக்காது. காக்காய் கூட்டமாக வந்து கொத்தும்போது எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்றே அதற்குத் தெரியாது. நேரே வனத்துறையில் சொல்லி ஒப்படையுங்கள். பெரிய கூண்டில் மற்ற கிளிகளோடு விட்டுப் பார்த்து, பறக்கப் பழகியதா, ஆளைக் கண்டு ஒதுங்குகிறதா என்று பார்த்துத்தான் வெளியே விட வேண்டும். தேறாதது அங்கேயே இருந்துகொள்ளும். தானாகப் போய் ஒப்படைக்கிறவரையும், சோதனையில் பிடிபடுகிறவரையும் ஒரே கண்ணில் பார்க்க மாட்டார்கள் என்பது என் அனுபவம். நான் கூடப் போன மூன்று வீட்டிலும் விசாரித்து, எழுதி வாங்கி, அனுப்பிவிட்டார்கள்.

கொடுத்துவிட்டு வரும் வீட்டில் இரண்டு நாள் அடுப்பு சரியாக எரியாது. கூண்டை உடனே கண்ணுக்கு மறைவாக எடுத்துவிடுங்கள். முற்றத்தில் மண்சட்டியில் தண்ணீரும், பக்கத்தில் கொஞ்சம் கம்பும் வைத்தால் வருகிற பறவை வரும், போகிற பறவை போகும்.

தாத்தா கடைசிக் காலத்தில் கண் தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். விடியற்காலம் உடங்காட்டில் கவுதாரி கத்தினால் தலையைத் திருப்பி, "ரெண்டு சேவல்லே, ஒண்ணு கிழடு" என்பார். எழுந்து போய்ப் பார்த்ததில்லை, சரியாகத்தான் இருந்திருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். குட்டி போன பிறகு பெட்டியை எரித்துவிடுங்கள், துணியைக் கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள், கையை முழங்கை வரை கழுவுங்கள். சிரிஞ்சை வீட்டுப் பிள்ளைகள் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிசான அறுப்பு மாசி, பங்குனியில் வந்துவிடும். அதற்குள் இரண்டு அட்டைப்பெட்டி, ஓட்டை போட்டு, பரணில் தயாராக இருக்கட்டும்.